உப்பு, தேயிலை, தோல், பனை: சமீபத்தில் வாசித்தவை

புத்தகக் கண்காட்சி முடிந்ததும் வாங்கியதை அடுக்கி வைத்துப் படம் போடுகிறோம். வாசித்து முடித்த பிறகு அதைப் பற்றி நாலு வரி எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் இந்தப் பதிவு வாசித்து முடித்த புத்தகங்களைப் பற்றி மட்டும்.

கொஞ்ச நாளாகவே தொழிலையும் தொழிலாளர்களையும் பற்றிய நாவல்களைத் தேடித் தேடி வாசிக்கிறேன். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’தான் இதைத் தொடங்கி வைத்தது. 1979-ல் வந்த நாவல். தூத்துக்குடி உப்பளத்துக்கு வேலைக்கு வரும் பொன்னாச்சி, அவள் தம்பி பச்சை, அவர்களைச் சுற்றியுள்ள அளத்துக்காரர்கள், இவர்கள்தான் கதை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் போனவர்கள் முத்தையாபுரம் பக்கம் வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும் உப்பைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். நானும் ஜன்னலோர சீட்டிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த வெள்ளைக்கு நடுவில், தலைக்கு மேலே சூரியனும் காலடியில் அதே சூரியனின் எதிரொளியுமாக நாள் முழுக்க நிற்கிறவர்களின் கண் என்ன ஆகும் என்று இந்த நாவல்தான் யோசிக்க வைத்தது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிப் பாதம் வெடிக்கும். வெடித்த இடத்தில் மறுபடியும் உப்பு ஏறும். அந்தக் காலோடுதான் மறுநாளும் பாத்தியில் இறங்க வேண்டும்.

ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். அவருக்கும் உப்பளத்துக்கும் பிறப்பால் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தந்த ஊருக்கே போய், அந்த மக்களோடு பழகி, கேட்டு, பார்த்து எழுதுவது அவர் வழக்கம். நீலகிரி படகர்களைப் பற்றி ‘குறிஞ்சித்தேன்’, தஞ்சை விவசாயக் கூலிகளைப் பற்றி ‘சேற்றில் மனிதர்கள்’, சிவகாசி தீப்பெட்டித் தொழிலில் வதங்கும் பிள்ளைகளைப் பற்றி ‘கூட்டுக்குஞ்சுகள்’ எல்லாம் அப்படி வந்தவைதான். ‘பாதையில் பதிந்த அடிகள்’ மணலூர் மணியம்மையின் வாழ்க்கை. பிராமணக் குடும்பத்து விதவை, தலைமுடியை ஆண்களைப் போல வெட்டிக்கொண்டு, வேட்டி கட்டி, பண்ணையாட்களைத் திரட்டி மிராசுதார்களை எதிர்த்தவர். 1953-ல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். இப்படி ஒரு பெண் இந்த மண்ணில் நடமாடினார் என்பதை இந்த நாவல் வழியாகத் தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இலக்கிய வட்டாரத்தில் ராஜம் கிருஷ்ணனைப் பற்றி ஒரு தீர்ப்பு ரொம்ப நாளாகச் சுற்றி வருகிறது. ‘தகவல் இருக்கிறது, கலை இல்லை’, ‘கள ஆய்வு நாவல்’, ‘பத்திரிகைச் செய்தி மாதிரி’ என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. சில இடங்களில் பாத்திரங்கள் மேடைப் பேச்சு மாதிரி பேசுகிறார்கள் என்பது உண்மை. அந்தப் பக்கங்கள் தொய்கின்றன. ஆனால் கூலிக்காகக் காத்து நிற்பது, வேலை கேட்டுக் கங்காணி முகத்தைப் பார்ப்பது, வெடித்த காலோடு வீடு திரும்பி உலை வைப்பது எல்லாம் அலங்காரமே இல்லாமல் வருகிறதே, அதை எழுதக் கலை வேண்டாமா? ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் மௌனத்தை நுணுக்கமாக எழுதினால் கலை, உப்பு வாரும் வாருபலகை பிடித்த கையை நுணுக்கமாக எழுதினால் வெறும் தகவல் என்பது என்ன நியாயம்? ஒரு மனுஷி விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் வேலையில்தான் போகிறது. அதை விட்டுவிட்டு அவள் மனசை மட்டும் தனியாக எடுத்து எழுத முடியும் என்று நான் நம்பவில்லை.

அடுத்து ‘எரியும் பனிக்காடு’. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வந்த ‘ரெட் டீ’யை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், பிறகு தொழிற்சங்கத்திலும் நின்றவர். பஞ்சத்தில் தவிக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். குளிரும் அட்டையும் மலேரியாவும் கொடுமைதான். என்னை அதைவிட உலுக்கியது கணக்குத் தீர்க்கும் இடம். வருஷம் முழுக்க உழைத்த பிறகு முன்பணம், அரிசி, கம்பளி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் கடன்தான் மிஞ்சும். கடன் தீராமல் மலையை விட்டு இறங்க முடியாது. பூட்டு, சங்கிலி எதுவும் தேவையில்லை, ஒரு கணக்கு நோட்டு போதும் என்பதை டேனியல் அவ்வளவு தெளிவாகக் காட்டிவிடுகிறார். அந்த அத்தியாயத்தை வாசித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

டி. செல்வராஜின் ‘தோல்’ திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கதை. 2012-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. செல்வராஜ் திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தவர். சுண்ணாம்புக் குழிக்குள் நின்று தோலை மிதித்து அலசும் ஓசேப்பு போன்ற தொழிலாளர்கள் சங்கமாகத் திரளுவதைச் சொல்லும் பெரிய நாவல். பாத்திரங்கள் ஏராளம், முதல் நூறு பக்கம் பொறுமை வேண்டும். பொறுத்தவர்களுக்கு ஒரு ஊரின் முழு வரலாறே கிடைக்கும்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) இவற்றிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பது. அது ஒரு காதல் கதை. வாழ்ந்து கெட்ட வீட்டுப் பெண் லிஸி, பனையேறி வீட்டுப் பிள்ளை தங்கராஜ். இங்கே வேலை பின்னணி மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற சுவரே அந்தப் பனையேற்றம்தான். குமரி மாவட்டப் பேச்சு பழகாதவர்கள் மெதுவாக வாசியுங்கள். நான் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனேன்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: ராஜம் கிருஷ்ணனின் படைப்புகளை அவர் உயிரோடு இருந்தபோதே, 2009-ல், தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. தமிழ் விக்கிமூலத்தில் அவருடைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, போனிலேயே வாசிக்கலாம். மற்ற மூன்றும் பெரிய கடைகளில் கேட்டால் கிடைக்கும், இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

‘கூட்டுக்குஞ்சுகள்’ இப்போது பாதியில் இருக்கிறது. அதற்கு அடுத்து என்ன என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பீடி சுற்றுகிறவர்கள், செங்கல் சூளை, விசைத்தறி, திருப்பூர் பனியன் கம்பெனி, இவற்றைப் பற்றித் தமிழில் நீங்கள் வாசித்த நாவலோ சிறுகதையோ இருந்தால் பெயரோடு, அதில் எந்த இடம் உங்களைப் பிடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.