போக்கிமான் அட்டையில் எச்.பி. அதிகம் என்றால் வெற்றியா?

“ஆளுக்கொரு போக்கிமான் அட்டையைப் போட வேண்டும், எச்.பி. அதிகம் உள்ளவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்” என்று பிள்ளைகளிடையே ஒரு விதி சுற்றுகிறது. தவறு. அது டிரம்ப் கார்டு ஆட்டம்.

எச்.பி. என்பது அந்தப் போக்கிமான் எவ்வளவு அடி தாங்கும் என்பது மட்டுமே. அசல் ஆட்டத்தில் ஆளுக்கு 60 அட்டைகள் கொண்ட ஒரு கட்டு. தொடக்கத்தில் அதிலிருந்து 7 கையில், 6 பரிசு அட்டைகளாகக் கவிழ்த்து வைக்கப்படும். தாக்குதலுக்குப் பெரும்பாலும் சக்தி தரும் ‘எனர்ஜி’ அட்டை வேண்டும்; வழக்கமாக ஒரு முறைக்கு ஒன்றுதான் சேர்க்கலாம். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் உங்கள் பரிசு அட்டைகளில் ஒன்றை எடுக்கலாம். ஆறையும் எடுத்தால் வெற்றி. வேடிக்கை என்னவென்றால், எச்.பி. மிகுந்த ‘இஎக்ஸ்’ வகை (பெயரோடு ‘ex’ என்று இருக்கும்) வீழ்ந்தால் எதிராளிக்கு வழக்கமாக 2 பரிசு அட்டை!

அப்புறம், ஆட்டம் முடிந்ததும் அவரவர் அட்டை அவரவருக்கே.