புகைச் சான்றிதழ் வண்டிக்கு மட்டும்தானா?

புகைச் சான்றிதழ் இல்லாமல் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதிக்கட்டும். ஆனால் சான்றிதழ் பெற்ற நூற்றுக்கணக்கான வண்டிகளை நகரவும் விடாமல், எஞ்சினை அணைக்கவும் விடாமல் நிறுத்திவைத்து, ஒன்று கக்கும் புகையை மற்றொன்றில் இருப்பவர் சுவாசிக்கும்படி செய்யும் சாலைச் சந்திப்புக்கு எந்தச் சட்டத்தில் அபராதம் இருக்கிறது?

சென்னை வடபழனியில் 100 அடி சாலையும் ஆற்காடு சாலையும் குறுக்கிடும் இடத்தில், தலைக்கு மேலே மேம்பாலம் மூடியிருக்க, மாலை நேரத்தில் ஒரு பேருந்தின் பின்னால் இருசக்கர வண்டியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சிக்னலில் எஞ்சினை அணையுங்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள். எப்படி அணைப்பது? நெரிசல் நேரத்தில் நகரின் பல சிக்னல்களைக் கையால் இயக்குவதால் நொடி காட்டும் பலகை இருண்டு கிடக்கிறது. பச்சை எப்போது விழும் என்றே தெரியாதவர், பின்னால் அலறும் ஹாரனுக்கு அஞ்சி, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டுதான் நிற்பார்.

இதைவிடக் கொடுமை, பத்தடி நகர்ந்து பிரேக் பிடித்து மறுபடி முதல் கியரில் கிளம்புவது. சும்மா நிற்கும் எஞ்சினைவிட, நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கும் எஞ்சின்தான் நொடிக்கு நொடி அதிகம் எரிக்கிறது, அதிகம் உமிழ்கிறது. பெட்ரோல் வண்டிக்கான சான்றிதழ்ச் சோதனையோ நிறுத்திவைத்த நிலையில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளப்பதோடு முடிகிறது. புகையிலுள்ள மற்றொரு நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடு கணக்கிலேயே இல்லை. சாலையின் சராசரி வேகத்தை மட்டும் வைத்துப் புகையின் அளவைக் கணக்கிடும் கணித மாதிரிகளும் இதே தவற்றைத்தான் செய்கின்றன: சீராக ஊர்ந்த வண்டியும், ஐந்து முறை நின்று நின்று பாய்ந்த வண்டியும் அவற்றுக்கு ஒன்றுதான். பைக்குகள் இடுக்குகளில் புகுந்து முன்வரிசைக்கு வந்துவிடும் நம் ஊர்ப் போக்குவரத்தை, கார்கள் தடம் மாறாமல் வரிசை கட்டும் ஊர்களின் எண்களை அப்படியே போட்டு ஆராய்ந்தால் என்ன விடை வரும்?

காத்திருப்பைக் குறைக்கும்படி சிக்னலின் சுற்று நேரத்தை, அதாவது ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரையான நேரத்தை, கணக்கிடும் சூத்திரத்தை பிரிட்டன் போக்குவரத்து ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-லேயே கொடுத்துவிட்டார். அந்த அடிப்படைக் கணக்கைக்கூட நேரத்துக்கு நேரம் திருத்தாமல், புகார் சொன்னால் உடனே மேம்பாலம் கட்டுகிறோம் என்கிறார்கள். பாலத்தில் ஏறிய வரிசை அடுத்த சிக்னலில்தானே இறங்கி நிற்கும்? ஒரு வண்டி ஒரு சந்திப்பைக் கடக்க எத்தனை முறை நின்று கிளம்புகிறது என்பதை முதலில் எண்ணி, அந்த எண்ணைச் சந்திப்புவாரியாக வெளியிடுங்கள். பாலத்துக்கான டெண்டரை அதற்குப் பிறகு பார்க்கலாம்.