தண்ணீர் எரிபொருள் இல்லை என்று சொன்னால் நான் கொம்பனியின் ஆளா?

ஞாயிறு இரவிலிருந்து, என் பேச்சை வெட்டி ஒட்டிய அந்த நாற்பது விநாடி வீடியோ எத்தனை பேருடைய பக்கங்களில் சுற்றிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நடந்ததை முழுக்கத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், கடல்நீரிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஒருவனைப் பற்றிய நாவலின் அறிமுகக் கூட்டத்தில் நான் பேசியது பதினொரு நிமிடம். அதில் பத்து நிமிடத்துக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டு, "தண்ணீரில் வாகனம் ஓடாது" என்று நான் சொல்லும் இடத்தையும், பின்வரிசையில் இருந்த தம்பி எழுந்து "டீச்சர், உங்களுக்கு எந்தக் கொம்பனி சம்பளம் தருது?" என்று கேட்க மண்டபம் சிரிக்கும் இடத்தையும் மட்டும் ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் மூன்று பேர் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன். தண்ணீர் எரிபொருள் இல்லை. அதைச் சொல்வதால் நான் எண்ணெய்க் கொம்பனிகளின் ஆள் ஆகிவிடமாட்டேன்.

இருபத்திரண்டு வருடமாக உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஐதரசன் எரிந்தால் வருவது தண்ணீர். அப்படியென்றால் தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஐதரசனுக்குத் தண்ணீர் அப்படி. சாம்பலை அடுப்பில் வைத்து யாரும் சோறு ஆக்குவதில்லை. மின்சாரம் கொடுத்துத் தண்ணீரைப் பிரிக்கலாம், உண்மைதான். அதைப் பிள்ளைகளே ஆய்வுகூடத்தில் செய்வார்கள். ஆனால் ஒரு மூல் தண்ணீரை, அதாவது பதினெட்டு கிராமை, பிரிக்க 286 கிலோயூல் சக்தி கொடுக்க வேண்டும். பிரித்ததைத் திரும்ப எரித்தால் கிடைப்பதும் அதே 286 தான். இடையில் வெப்பமாகப் போகும் நட்டம் வேறு. கடனுக்கு வாங்கிய பணத்தை வங்கியில் போட்டு எடுத்து, எடுத்ததை இலாபம் என்று சொல்வது போன்றது இது.

கதை பிழை என்று நான் சொல்லவில்லை. கதை எனக்குப் பிடித்திருந்தது. கடல்நீரிலிருந்து எரிபொருள் எடுக்கும் பொறியியலாளனை பன்னாட்டுக் கொம்பனி துரத்துகிறது, அவன் துறைமுக நகரத்தின் மணல்வெளியில் ஓடுகிறான். அந்த அத்தியாயத்தை இரண்டு தரம் படித்தேன். கொம்பனி அதிகாரி தன் மகளின் பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கொண்டே தொலைபேசியில் ஒரு கொலைக்குச் சம்மதம் சொல்லும் இடம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். வெட்டப்பட்ட பத்து நிமிடத்துக்குள் அதுவும் போய்விட்டது.

என்னுடைய பிரச்சினை கடைசியில் இருக்கும் பின்னுரை. "இது கற்பனை மட்டுமல்ல" என்று தொடங்கி, ஸ்டான்லி மேயரையும் ராமர் பிள்ளையையும் தியாகிகளாக அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹையோவில் தண்ணீரில் ஓடும் கார் என்று காட்டிய மேயருக்குப் பணம் கொடுத்த இரண்டு முதலீட்டாளர்கள் 1996-ல் நீதிமன்றம் போனார்கள். அங்கே நிபுணர்கள் அவருடைய கருவியைப் பார்த்தார்கள். அது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் சாதாரண மின்பகுப்புக் கருவி. மோசடி என்று தீர்ப்பாகி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். 1998-ல் உணவகத்தில் சாப்பிடும்போது அவர் இறந்தார். நஞ்சு வைத்தார்கள் என்று இன்றுவரை சொல்கிறார்கள். மூளையில் இரத்தக் குழாய் வீங்கி வெடித்ததுதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி எழுதினார். பின்னுரையில் உணவகம் இருக்கிறது, நஞ்சு இருக்கிறது, தீர்ப்பும் விசாரணை முடிவும் இல்லை.

தமிழ்நாட்டு ராமர் பிள்ளை தண்ணீரில் மூலிகை போட்டுச் செய்ததாகச் சொன்ன மூலிகைப் பெற்றோலும் 1996-ல் தான் வந்தது. தமிழர் ஒருவர் சாதித்துவிட்டார் என்று எங்கள் வீட்டிலும் சந்தோஷப்பட்டோம். விஞ்ஞானிகள் கண்காணிப்பில் செய்யச் சொன்னபோது அது செய்ய முடியாமல் போனது. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சரி, அவை வெளிநாட்டுக் கதைகள் என்றே வைத்துக்கொள்வோம். 2008-ல் இந்தக் கொழும்பிலேயே ஒருவர் மூன்று லீற்றர் தண்ணீரில் முந்நூறு கிலோமீற்றர் ஓட்டுவேன் என்று அரசியல்வாதிகளுக்குக் காரைக் காட்டினார். பத்திரிகைகள் எழுதின. அரசாங்கம் ஆதரவு தருவதாகச் சொன்னது. பிறகு முதலீட்டு மோசடிக் குற்றச்சாட்டில் அவரைக் கைது செய்தார்கள். அதற்குள் நாங்கள் அதை மறந்துவிட்டோமா?

"நாவல்தானே அக்கா, ஏன் இவ்வளவு கோபம்?" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு என் தம்பியின் கதையைச் சொல்கிறேன்.

2022-ல் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்றோம். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்தது, ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு நான்கு. வரிசையில் நின்றபடியே இறந்தவர்களின் செய்தி வந்துகொண்டிருந்த காலம். என் தம்பி பாடசாலை வேன் ஓட்டுகிறவன். இரண்டு இரவு பெற்றோல் செட் வாசலில் வேனுக்குள்ளேயே படுத்திருந்தான். மூன்றாம் நாள் ஒருவன் வந்து, தண்ணீரில் ஓட்டும் கிட் பூட்டித் தருகிறேன் என்றான். ஒரு பிளாஸ்டிக் போத்தல், அதற்குள் எவர்சில்வர் தகடுகள், கொஞ்சம் சோடா, பற்றரிக்கு இரண்டு வயர். 38,000 ரூபா. தம்பி பில் கேட்டிருக்கிறான். "பில் தந்தால் கொம்பனிக்காரங்கள் என்னைத் தேடி வருவாங்கள் அண்ணை" என்றானாம்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். கொம்பனிகள் மறைக்கின்றன என்ற கதைதான் அவனுடைய சரக்கு. அந்தக் கதை இருப்பதால் பில் தர வேண்டாம், சோதித்துக் காட்ட வேண்டாம், வேலை செய்யாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம். மூன்று கிழமையில், எஞ்சின் சுற்றி மின்சாரம் எடுக்கும் ஒல்டனேட்டர் எரிந்தது. எரிபொருள் செலவு ஒரு துளியும் குறையவில்லை. தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம் எங்கிருந்து வந்தது? அதே எஞ்சினிலிருந்து, அதே எரிபொருளிலிருந்து. தம்பி என்னிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "நீ பாடப்புத்தகத்தில் இருக்கிறதைத்தானே சொல்லுவாய்" என்றான். ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்திலும் கிட்டத்தட்ட இதே வசனத்தை, "பாடப்புத்தகத்துக்கு வெளியே வாங்கோ டீச்சர்" என்று கேட்டேன்.

பாடப்புத்தகத்துக்கு வெளியே வருகிறேன்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடை என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். எங்கள் அப்பா தன் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார், தங்கம் மாதிரி. அதில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். அவர் வந்துவிட்டார் என்று மணத்திலேயே தெரியும். பழைய ஒஸ்ரின் கார்கள்கூட அப்படித்தான் ஓடின. குளிரில் மண்ணெண்ணெய் ஏன் ஆவியாகாது, பெற்றோல் ஏன் ஆவியாகும் என்று நான் முதலில் கற்றது அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றுதான். என் இரசாயனவியல் அங்கே தொடங்கியது. இன்றைக்கும் வகுப்பில் ஐதரோகாபன் பாடத்தை அந்த மணத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

அந்த ஊரில் எத்தனை கராஜ் இருந்தது, எத்தனை கெட்டிக்கார மெக்கானிக்குகள் இருந்தார்கள்! இல்லாத உதிரிப்பாகத்தைக் கையால் கடைந்து செய்தவர்கள். மூன்று பக்கமும் கடல், வீட்டுக்கு வீடு கிணறு. எந்த எண்ணெய்க் கொம்பனியும் அங்கே வந்து எங்களைத் தடுக்கவில்லை, வரவும் முடியாது. ஐந்து வருடத்துக்கு மேல் அப்படி இருந்தோம். ஒருவராவது தண்ணீரில் ஓட்டினாரா? முடிந்திருந்தால் ஓட்டியிருப்போம். உயிர் போகும் நோயாளியை மந்திகை ஆஸ்பத்திரிக்கோ யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கோ கொண்டுபோக வழியில்லாமல் நின்ற சனம், தண்ணீரில் ஓட்டத் தெரிந்தால் சும்மா இருந்திருக்குமா? இதற்கு ஞாயிற்றுக்கிழமை யாரும் பதில் சொல்லவில்லை. நான் இதைச் சொல்லத் தொடங்கும்போதுதான் சிரித்தார்கள்.

இப்போது கொம்பனிகளுக்கு வருகிறேன். நான் அவர்களின் ஆள் என்று சொன்ன தம்பி, இதைக் கடைசிவரை படியுங்கள்.

1921-ல் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தொமஸ் மிட்ஜ்லி, பெற்றோலில் ஈயச் சேர்மம் ஒன்றைச் சேர்த்தால் எஞ்சின் தட்டும் சத்தம் நிற்கும் என்று கண்டுபிடித்தார். எதனோல் சேர்த்தாலும் நிற்கும் என்று அவருக்கு முன்னரே தெரியும். எதனோல் தோட்டத்துப் பயிரிலிருந்து வடிப்பது. யார் வேண்டுமானாலும் வடிக்கலாம், அதில் காப்புரிமைப் பணம் பார்க்க முடியாது. ஈயத்தில் பார்க்கலாம். ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த சங்கதி. அதனால் விற்பனைப் பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லாமல் "எதில்" (Ethyl) என்று வைத்தார்கள். 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியின் ஸ்டாண்டர்ட் ஒயில் ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் புத்தி பேதலித்து இறந்தார்கள். அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர் முன்னால் அதில் கை கழுவி, மூக்கில் வைத்து முகர்ந்து காட்டினார். அதற்கு முந்திய வருடம் அவரே ஈய நஞ்சுக்கு ஓய்வெடுத்துத் திரும்பியவர்.

எங்கள் நாட்டில் ஈயப் பெற்றோல் 2002 வரை விற்றது. உலகத்தின் கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-ல் தான் நின்றது. நூறு வருடம்! காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்ற எங்கள் பிள்ளைகள் குடித்த காற்று அது. மாற்று எரிபொருளை ஒதுக்கியதும் உண்மை, பேராசையும் உண்மை. ஆனால் இதில் எந்த அதிசயப் போத்தலும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த எதனோல்தான் இருக்கிறது.

எக்ஸான் கொம்பனியின் சொந்த விஞ்ஞானி 1977-லேயே நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் பூமி சூடாகும் என்று மேலிடத்துக்குச் சொன்னார். அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் கொம்பனி வெளியே சந்தேகத்தைப் பரப்பிக்கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் தான் செய்த ஈவி1 மின்சாரக் கார்களை வாடகைக்கு எடுத்திருந்த வாடிக்கையாளரிடமிருந்து திருப்பி எடுத்து, பெரும்பாலானவற்றை நசுக்கியது. ஓட்டியவர்கள் விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. மின்சாரக் காருக்கான பெரிய நிக்கல் மின்கலங்களின் காப்புரிமைக் கட்டுப்பாடு சுற்றிச் சுற்றிக் கடைசியில் செவ்ரோன் என்ற எண்ணெய்க் கொம்பனியின் கைக்குப் போனது. வொல்க்ஸ்வாகன் 2015-ல் பிடிபட்டது நினைவிருக்கும், பரிசோதனையில் மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள், ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்களில்.

இவ்வளவையும் கூட்டத்தில் சொன்னேன். எண்ணெய்க் கொம்பனியிடம் சம்பளம் வாங்குகிறவள் இதையா மேடையேறிச் சொல்வாள்?

இன்னொருவர், "டீச்சர் படித்தவர்களின் திமிரில் கதைக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. என் அப்பா எட்டாம் வகுப்பு. அவரிடம் கற்றதைத்தான் நான் மேடையில் சொன்னேன். "விஞ்ஞானமும் மாறும்" என்கிறார்கள். மாறும். சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற சக்திக் காப்பு விதி மாறும் நாளில் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

நாவலாசிரியர் நல்ல மனிதர். நேற்றிரவு தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். பின்னுரையை அடுத்த பதிப்பில் பார்க்கிறேன் என்றார். எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றார். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான், அவருடைய அடுத்த நாவலுக்கு இந்த ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மறைப்பு, மரணம், பொய் சொல்லும் விஞ்ஞானி, எல்லாம் அதில் இருக்கிறது. யாரும் "நடக்குமா?" என்று கேட்க முடியாது. "அதை யார் வாசிப்பார்கள்?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. தண்ணீரை வாசிப்பார்கள், நாங்கள் குடித்த ஈயத்தை வாசிக்கமாட்டார்களா?

தம்பியின் வேனிலிருந்து கழற்றிய அந்தப் போத்தல் என்னிடம்தான் இருக்கிறது. தகடுகள் துருப்பிடித்து, உள்ளே மண்ணிறமாகப் படிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு துணிப் பையில் போட்டுக் கூட்டத்துக்குக் கொண்டு வந்திருந்தேன், மேடையில் ஒரு பற்றரியைப் பூட்டி, குமிழி எவ்வளவு வருகிறது, பற்றரி எவ்வளவு இறங்குகிறது என்று மீற்றரில் எல்லாருக்கும் காட்டலாம் என்று. பையை மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்வரிசையில் இருந்த அந்தத் தம்பி எழுந்தார். வீடியோவில் பாருங்கள், என் கை பைக்குள் இருக்கும்.