கெதியா மாறின மனுசன்

(லண்டன். ஒக்டோபர் முதலாம் திகதி, பின்னேரம் ஆறு மணி. வேலையால வந்த மலர் குசினி வாசலில நிக்கிறா. மேசையில நாலு சுடுதண்ணிப் போத்தல், ஒரு மெழுகுதிரிப் பெட்டி, ஒரு ரோச் லைட். அடுப்பில கோயில் மடத்தில வைக்கிற அளவுக்கு ஒரு சட்டி. பக்கத்தில கரண்டியோட சிவம்.)

மலர்: இஞ்சாருங்கோ, ஆரும் சாப்பிட வருகினமோ?

சிவம்: ஒருத்தரும் இல்லை.

மலர்: அப்ப ஏன் பிறீசரில கிடந்த முழு மீனும் சட்டிக்க கிடக்குது?

சிவம்: பழுதாப் போயிடும் எண்டு காய்ச்சிப்போட்டன். கறண்ட் நிக்கப் போகுதெல்லே.

மலர்: ஆர் சொன்னது?

சிவம்: ஆர் சொல்லவேணும்? நான் கறண்ட், காஸ் கொம்பனியை மாத்திப்போட்டன். பழைய ஆக்கள் வந்து கழட்ட, புது ஆக்கள் வந்து பூட்ட, ஒரு இரவெண்டாலும் இருட்டில இருக்கத்தானே வேணும்?

மலர்: என்னத்தைக் கழட்ட?

சிவம்: வயரை.

மலர்: கடவுளே. அதே வயர், அதே குழாய், அதே மீற்றர். ஒரு லைட்டும் அணையாது. பில்லில இருக்கிற பேர் மட்டும்தான் மாறும்.

சிவம்: (சட்டியைப் பார்த்து) அப்ப மீன்?

மலர்: மீனை விடுங்கோ. என்ன சொன்னனீங்கள், மாத்திப்போட்டியளோ? நீங்களோ? சோபா வாங்க நாலு வருஷம் யோசிச்ச மனுசன்! வேலிக்குப் பெயின்ற் அடியுங்கோ எண்டா "மழைக்காலம் முடியட்டும்" எண்டு இந்த நாட்டில இருந்துகொண்டு சொன்ன மனுசன்!

சிவம்: காலமை பஸ்ஸில நியூஸ் பார்த்தன். கறண்ட், காஸ் கொம்பனியளைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் இண்டையில இருந்து பிரைஸ் கப்பை, அதுதான் விலை உச்சவரம்பை, கூட்டிப்போட்டுது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் எண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்துறாங்கள். நானும் அடுத்த தரம் குறையும், அதுக்கடுத்த தரம் குறையும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். இண்டைக்குப் பொறுமை போட்டுது. போனை எடுத்தன், அமத்தினன், முடிஞ்சுது.

மலர்: அது கூடினா உங்களுக்கென்ன, குறைஞ்சா உங்களுக்கென்ன? நாங்கள் ஃபிக்ஸில எல்லோ இருக்கிறம். நவம்பர் 30 வரைக்கும் எங்கட யூனிற் விலை அசையாது.

சிவம்: நாங்கள் ஃபிக்ஸோ?

மலர்: போன வருஷம் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டனீங்கள்.

சிவம்: நான் போடுற கையெழுத்தெல்லாத்தையும் வாசிச்சே போடுறன்?

மலர்: போன மாரியிலயும் இப்பிடித்தான். "கப் இருக்குது, அதுக்கு மேல ஒரு சதமும் எடுக்கேலாது" எண்டு இரவு முழுக்க ஹீற்றிங்கைப் போட்டுவிட்டியள்.

சிவம்: கப் எண்டா மூடிதானே?

மலர்: மூடி யூனிற் விலைக்கும் நாள் கட்டணத்துக்கும். நீங்கள் எத்தினை யூனிற் எரிக்கிறியள் எண்டதுக்கு மூடியுமில்லை, அடியுமில்லை. அதிலயும் அந்த மூடி ஃபிக்ஸ் இல்லாத சாதாரண தரிஃபில இருக்கிறவைக்கு. எங்களுக்கு இல்லவே இல்லை.

சிவம்: அப்ப நான் போன மாரி முழுக்க இல்லாத மூடியை நம்பி எரிச்சிருக்கிறன்.

மலர்: பெனியனோட திரிஞ்சனீங்கள். சரி, அது போகட்டும். ஒப்பந்தம் முடிய முந்தி வெளிக்கிட்டாத் தண்டப்பணம் இருக்குது. அதாவது தெரியுமோ?

சிவம்: என்னை என்னெண்டு நினைச்சீர்? தெரியும். 75 பவுண்ஸ். கணக்குப் பார்த்திட்டுத்தான் செய்தனான்.

மலர்: 75 கறண்டுக்கு. காஸுக்கு இன்னொரு 75.

சிவம்: காஸுக்கும் காசோ?

மலர்: ரெண்டும் வேற வேற. மொத்தம் 150. புதுக் கொம்பனிக்குப் போனா எவ்வளவு மிச்சம்?

சிவம்: மாசம் எட்டு பவுண்ஸ். வருஷத்துக்குப் பெருக்கிப் பாரும், 96!

மலர்: அந்த மாசம் எட்டு, இதே விலை இருந்தா டிசம்பரில போனாலும் கிடைக்கும். இப்ப அவசரப்பட்டதால கூடக் கிடைக்கிறது ஒக்டோபர், நவம்பர், ரெண்டு மாசக் காசு. 16 பவுண்ஸ் மிச்சம் பிடிக்க 150 பவுண்ஸ் குடுக்கிறியள்.

சிவம்: (கரண்டியைக் கீழ வைக்கிறார்) இதை அந்த ஒன்லைன்காரன் சொல்லேல்லை.

மலர்: கடைசி 49 நாளுக்குள்ள மாறினா தண்டப்பணம் எடுக்கேலாது. அதுதான் சட்டம்.

சிவம்: 49ஓ? 48 எண்டாலும் ஒரு மண்டலம் எண்டு விளங்கும்.

மலர்: கோயில் கணக்கில்லை, ஏழு கிழமை. நவம்பர் 30இல இருந்து பின்னால எண்ணுங்கோ.

(சிவம் சுவர்க் கலண்டரில மீன் குழம்பு விரலால எண்ணுறார். நவம்பர் முழுக்க மஞ்சள் புள்ளி.)

சிவம்: ஒக்டோபர் 12.

மலர்: இண்டைக்கு?

சிவம்: முதலாம் திகதி.

மலர்: பதினொரு நாள். கலியாணம் கட்டி 26 வருஷமா எல்லாத்துக்கும் பொறுங்கோ, பொறுங்கோ எண்ட மனுசன். பொறுக்க வேண்டிய பதினொரு நாளில மட்டும் பாய்ஞ்சிட்டியள்.

சிவம்: அவங்கள் ஒரு கடிதம் போட்டிருக்கலாமே!

மலர்: போடுவாங்கள். முடியிறதுக்கு 49 நாளுக்கும் 42 நாளுக்கும் இடையில கட்டாயம் அறிவிக்க வேணும். அந்தக் கடிதம் இன்னும் அச்சடிக்கவே இல்லை, நீங்கள் ஓடியிட்டியள். பொறுங்கோ, எந்த நாள் மாற விருப்பம் எண்டு கேட்டிருப்பாங்களே? 28 நாள் வரைக்கும் முன்கூட்டிக் குறிக்கலாமெல்லே?

சிவம்: கேட்டது. ரெண்டு பெட்டி. ஒண்டில கலண்டர். மற்றதில "முடிஞ்சளவு கெதியா".

மலர்: நீங்கள்?

சிவம்: இறங்கிற இடம் வந்திட்டுது.

மலர்: ஐஞ்சு வேலை நாளில மாத்திப்போடுவாங்கள். எட்டாம் திகதி நாங்கள் புது வீட்டு மருமகள். மீற்றர் றீடிங் ஏதும் குடுத்தனீங்களோ?

சிவம்: அதை ஏன் கேக்கிறீர். வந்த உடன படிக்குக் கீழ அலுமாரிக்க தலையை விட்டு, சப்பாத்துப் பெட்டியெல்லாம் விலத்தி, குந்தியிருந்து படம் எடுத்தன். நாரி பிடிச்சுப் போச்சு. இஞ்ச பாரும், எவ்வளவு தெளிவு.

மலர்: (போனை வாங்கிப் பார்த்து) கறுப்பில 04217. பிறகு சிவப்பில 386. எதைக் குடுத்தனீங்கள்?

சிவம்: எல்லாத்தையும்தான். எட்டு இலக்கமும். ஒண்டையும் ஒளிக்கேல்லை.

மலர்: சிவப்பு எழுதுறேல்லை! அது தசமத்துக்குப் பிறகு.

சிவம்: சிவப்பில இருக்கிறதெண்டா முக்கியம் எண்டெல்லோ நினைச்சன். வாத்தியார் சிவப்பு மையில எழுதினா அப்பாவுக்குக் காட்ட வேணும்.

மலர்: ஆயிரம் மடங்கு, விளங்குதோ? அந்தக் கணக்குக்கு பில் வந்தா, இந்த றோட்டு முழுக்க எங்கட வீட்டில வந்துதான் குளிச்சிருக்க வேணும்.

சிவம்: மாத்தலாமோ?

மலர்: படம் இருக்குது, சொன்னா மாத்துவாங்கள். கொம்பனி மாறுற அண்டைக்கும் ஒரு படம் எடுத்து வையுங்கோ. வேற ஏதும் செய்தனீங்களோ? இப்பவே சொல்லிப்போடுங்கோ.

சிவம்: (மெதுவா) பாங்கில இருந்து தானாக் காசு போற பழைய டைரக்ட் டெபிற்றை வெட்டிப்போட்டன்.

மலர்: ஏன்?

சிவம்: அவங்களிட்ட எங்கட காசு 312 பவுண்ஸ் கிடக்குது. கோடையில ஹீற்றிங்கே போடேல்லை, மாசம் மாசம் அதே காசை எடுத்துக்கொண்டு இருந்தவங்கள். இன்னும் எடுப்பாங்கள் எண்ட பயம்.

மலர்: அது மாரிக்கெண்டு சேர்ற காசு. கோடையில ஏறும், ஜனவரியில கரையும். கொம்பனி மாறினா ஆறு கிழமைக்குள்ள கடைசி பில் வரவேணும், அதுக்குப் பிறகு பத்து வேலை நாளில மிச்சத்தைத் தர வேணும். அதெல்லாம் முடியிற மட்டும் டைரக்ட் டெபிற்றில கை வைக்கிறேல்லை. கதவைப் பூட்டிப்போட்டு, உள்ள இருக்கிறவன் காசைக் கொண்டுவந்து தரேல்லை எண்டு நிக்கிறியள்.

சிவம்: இப்ப என்ன செய்யிறது?

மலர்: 14 நாளுக்குள்ள வேண்டாம் எண்டா ஒரு செலவும் இல்லாமல் விலகலாம். ஆனா அந்த விலை திரும்பக் கிடைக்குமோ ஆர் கண்டது? ஃபிக்ஸ் விலையை நினைச்ச நேரம் எடுத்துப்போடுவாங்கள். விலகிறதைப் பிறகு பார்ப்பம். முதல் போன் போட்டு, விலையை விட்டிட்டு நாளை மட்டும் தள்ளி வைக்கேலுமோ எண்டு கேளுங்கோ. 13 எண்டு சொல்லுங்கோ, 12க்குக் கிட்ட உரசிக்கொண்டு நிக்கத் தேவையில்லை.

(சிவம் போன் எடுக்கிறார். ஸ்பீக்கரில பாட்டு. அந்த மெட்டைத் தெரிவு செய்த ஆள் ஒரு நாளும் லைனில நிண்டிருக்க மாட்டார். மலர் உடுப்பு மாத்தி, முகம் கழுவி, பாங்குக்கு மெசேஜ் போட்டு, மெழுகுதிரிப் பெட்டியைத் திரும்பவும் சாமிப் படத்துக்குக் கீழ வைக்கிறா. நாப்பது நிமிசம். ரெண்டாவது சுடுதண்ணிப் போத்தலும் முடிஞ்சுது.)

சிவம்: ஹலோ! யெஸ், யெஸ்... சொறி, றீடிங் பிழை... சிவப்பு வேண்டாம்... தாங்யூ. (போனைப் பொத்தி) மலர், அதை மாத்தியாச்சு! நல்ல பிள்ளை. நாளையும் மாத்தலாமாம். 29 வரைக்கும் எந்த நாளெண்டாலும் தெரிவு செய்யட்டாம். விலை இதேதான்.

மலர்: 13!

சிவம்: 13... ஆனா 29 வரைக்கும் குடுத்திருக்கிறா எண்டா, 20 என்ன மாதிரி? இல்லாட்டி 27?

மலர்: இஞ்சாருங்கோ, 13!

சிவம்: (போனில, குரலைத் தாழ்த்தி ஏதோ கதைக்கிறார். சிரிக்கிறார். தாங்யூ, தாங்யூ எண்டு மூண்டு தரம். வைக்கிறார்.)

மலர்: சொன்னனீங்களோ?

சிவம்: சொன்னன்.

மலர்: 13 எண்டோ?

சிவம்: வடிவா யோசிச்சு நாளைக்கு எடுக்கிறன் எண்டு. நீர் மீனைப் போடும், ஆறப்போகுது.