பட்டியலில் வராத கோல்ட்ரேன்

வருடம் முழுக்க நாம் அதிகம் கேட்ட பாட்டுகள் என்று பாட்டுச் செயலி தரும் ஆண்டு இறுதிப் பட்டியலே நம் ரசனையைச் சொல்லிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினாலே கேட்டதாகக் கணக்கு. என் பட்டியலில் முதலிடம், வேலை நேரத்தில் பின்னணியில் ஓடவிட்ட ஏதோ பியானோவுக்கு!

உண்மையில் இந்த வருடம் என்னைப் பிடித்து வைத்தவர் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். 1967-இல், 40 வயதிலேயே போய்விட்ட மனிதர். அவருடைய கடைசிக் கால சாக்ஸபோன் முதலில் வெறும் இரைச்சலாகத்தான் பட்டது. அப்புறம் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன், மெல்லப் பிடிபட்டது. அதுவும் இசைத்தட்டில், ஒரு பக்கம் முழுசாக, சுமார் 20 நிமிடம் எழுந்திருக்காமல். அதெல்லாம் எந்தச் செயலியின் கணக்கில் வரும்?

புதுப் பாட்டுகளா? சில கேட்டேன், பெரிதாக ஒட்டவில்லை. டிசம்பரில் வந்தவற்றை இனிமேல்தான் கேட்க வேண்டும்.