ஒன்பது இருக்கைக் கடையும் என் உறவினர் படையும்

தோக்கியோவுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். "சுற்றுலாக்காரர்கள் போகிற இடமெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை. இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் என்ன சாப்பிடுவார்களோ, அதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இனி எவராவது என்னிடம் இதைச் சொன்னால், நேராக இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாய்க்கு அழைத்துப்போய், இட்லி கிடைக்கிற ஒரு கடையில் உட்காரவைத்துவிட்டு வந்துவிடுவேன்.

2025 மே மாதம். அக்கா, அத்தான், கல்லூரியில் படிக்கும் மருமகன். அவர்களை தோக்கியோவின் பழைய பகுதியான யனகா பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் என் செல்லக் கடைக்கு அழைத்துப்போனேன். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இன்னும் காது சுடுகிறது. மொத்தம் ஒன்பது இருக்கைகள். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாளாகச் சமைத்து, தானே பரிமாறி, தானே பாத்திரம் கழுவுகிறார். மதியம் ஒரே ஒரு தெய்ஷொகு, அதாவது முழுச் சாப்பாட்டுத் தட்டு: சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், அன்றைய மீனோ இறைச்சியோ, இரண்டு சிறு கிண்ணங்களில் காய், ஊறுகாய். விலை 1,100 யென். அன்றைக்குச் சமைத்தது தீர்ந்ததும் வாசல் துணியைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார். கடை மூடியாயிற்று என்று அர்த்தம்.

முந்தைய நாள் இரவே கேட்டேன்: "அக்கா சைவமாயிற்றே, என்ன செய்வது?" அத்தான்தான் பதில் சொன்னார்: "அவள் சோறும் காய்கறியும் சாப்பிட்டுக்கொள்வாள். நீ கவலைப்படாதே." அக்கா சைவமாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்காகவே கோயில் சமையலான ஷோஜின் ரியோரி கிடைக்கும் இடத்தில் முன்பதிவு செய்திருப்பேன். அங்கே சாறுகூடக் கடற்பாசியிலும் காளானிலும்தான் எடுப்பார்கள். "அதெல்லாம் வேண்டாம், வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும்" என்று அடம் பிடித்தது யார்? அத்தான்.

உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு வந்தது. கை துடைப்பதற்கு. அத்தான் முகம், கழுத்து, பிடரி எல்லாம் துடைத்து, கடைசியாகக் கண்ணாடியையும் துடைத்தார். போகட்டும், பயணக் களைப்பு. அடுத்து, நான்கு பேருக்கு இரண்டு தட்டு போதும் என்றார். "பங்கிட்டுக்கொள்வோம்." ஆளுக்கொரு தட்டு வாங்க வேண்டும் என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. ஒன்பது இருக்கையில் நான்கை அடைத்துக்கொண்டு இரண்டு தட்டு வாங்கினால், அந்த அம்மா அன்றைக்கு என்ன வருமானம் பார்ப்பார்? சொன்னேன். "நாம் என்ன ஓசியிலா சாப்பிட வந்தோம்?" என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, நான்கு தட்டு.

அன்றைக்கு மிசோவில் வெந்த கானாங்கெளுத்தி. கூடவே ஹிஜிகி கடற்பாசிக் கூட்டும் கீரையும். கீரையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அக்கா கேட்டாள். தாஷி, என்றேன். அங்கே ஆரம்பித்தது.

தாஷி என்பது காலையிலேயே கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுவோபுஷியும் போட்டு எடுத்து வடித்து வைக்கிற சாறு. கட்சுவோபுஷியைத் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, மரக்கட்டைபோலக் காயவைத்தது. அந்தக் கடையில் சூப்பும் அதில்தான், கூட்டும் அதில்தான், கீரை ஊறுவதும் அதில்தான், முட்டைச் சுருளில்கூட அதுதான். "அப்படியென்றால் மீனை மட்டும் எடுத்துவிட்டுத் தரச் சொல்லேன்" என்றார் அத்தான். கொதித்து இறக்கிய ரசத்திலிருந்து புளியை மட்டும் எடுத்துவிட்டுத் தா என்று திருநெல்வேலியில் எந்தக் கடையிலாவது கேட்பாரா? இந்தச் சாற்றின் ருசி எதனால் வருகிறது என்று குடைந்துதான் 1908இல் கிகுனாயே இகேதா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்புவிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்ததும் அவர்தான். சாற்றுக்குள் இருப்பதைப் பிரிக்க அவருக்கே ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. அத்தானுக்கு அந்த அம்மா ஐந்து நிமிடத்தில், அதுவும் அடுப்படியில் நின்றுகொண்டே, பிரித்துத் தந்துவிட வேண்டும்!

இதையெல்லாம் ஜப்பானிய மொழியில், பணிவாக, தலை குனிந்து, நான் சொல்ல வேண்டும். அந்த அம்மா பதறிப்போனார். மன்னிப்புக் கேட்டார். தவறு செய்யாதவர் மன்னிப்புக் கேட்க, தவறு செய்தவர் "பார்த்தாயா, கேட்டால் செய்வார்கள்" என்று என் விலாவில் இடிக்கிறார். பின்னால் வாசலில் ஐந்து பேர் சத்தமில்லாமல் வரிசையில் நிற்கிறார்கள். கத்தினால்கூடப் பரவாயில்லை. அந்த அமைதிதான் ஆளைக் கொல்கிறது.

அதற்குள் மருமகன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு அந்தப் பக்கம் போய், அவர் மீனைத் திருப்புவதைப் படம் பிடிக்கிறான். டேய், அது சமையலறையடா! "மாமா, ரொம்ப அழகாக இருக்கிறது மாமா." அழகாகத்தான் இருக்கும். உன் ஆச்சி தோசை வார்க்கும்போது முன்பின் தெரியாதவன் எவனாவது இப்படிப் பக்கத்தில் வந்து நின்றால், தோசைத் திருப்பி எங்கே விழும் என்று உனக்கே தெரியும்.

அக்கா பையைத் திறந்தாள். இட்லிப் பொடி. சின்னப் புட்டியில் நல்லெண்ணெய்.

அக்காவின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, பாவம், பசி. ஆனால் பொடி வாசனை எழுந்ததும் மீதி ஐந்து இருக்கைகளும் ஒரே நேரத்தில் திரும்பின பாருங்கள், அப்போது நான் மேசைக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த அம்மா என்ன நினைத்தாரோ, அக்காவின் முன்னால் ஒரு சின்னத் தட்டில் உமேபோஷியும் (உப்பில் ஊறிய புளிப்புக் காய்) தவிட்டில் ஊறிய வெள்ளரிக்காயும் வைத்தார். உமேபோஷியை வாயில் போட்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. "நம் நார்த்தங்காய் மாதிரியே இருக்கிறதடா" என்று முழுச் சோற்றையும் அதைத் தொட்டே சாப்பிட்டு முடித்தாள்.

அத்தானும் மருமகனும் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டார்கள். உப்பில்லையாம், காரமில்லையாம். அந்த மாதம் இங்கே 5 கிலோ அரிசியின் சராசரி விலை 4,000 யென்னைத் தாண்டியிருந்தது. முந்தைய ஆண்டு விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குப் பிறகும் தட்டின் விலையை ஏற்றாமல் வைத்திருந்த கடை அது. அந்த இரண்டு கிண்ணங்களையும் அவர் கொட்டப் போவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் நானே இழுத்துவைத்துச் சாப்பிட்டேன். மாலை வரை மூச்சுவிட முடியவில்லை.

பணத்துக்குப் பதில் கடன் அட்டை வாங்கமாட்டார்களா என்று கடைசியாக ஒரு வாக்குவாதம். அதை விடுங்கள்.

இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தான் படங்களைப் போட்டிருந்தார். "ஜப்பானிய வீட்டுச் சாப்பாடு! அருமையான கவனிப்பு! உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு." கீழே வரிசையாக, சித்தப்பா, மதினி, அக்டோபரில் வரப்போகிற பெரியப்பா மகன் குடும்பம், எல்லோரும் கடையின் முகவரி கேட்டிருக்கிறார்கள்.

தரமாட்டேன். அக்கா கேட்டால் மட்டும் யோசிப்பேன்.