வீரர்களைச் சரியாகக் காட்டவில்லை

பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா பிரமாதம் என்று பாதிப் பேரும், பார்க்கவே சலிப்பாக இருந்தது என்று பாதிப் பேரும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 ஜூலை 26 அன்று, நம் நேரப்படி இரவு 11 மணிக்குத் தொடங்கிய விழாவைக் கடைசிவரை பார்த்தவன் நான். சலிப்பு என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மைதானத்தில் என்றால் ஒவ்வொரு நாடும் தனித்தனியாக நடந்து வரும், முகங்களை நிதானமாகப் பார்க்கலாம். இங்கே சேன் நதியில் ஆறு கிலோமீட்டர் படகு ஊர்வலம். சின்ன அணிகளை ஒரே படகில் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். கேமரா பாட்டு, நடனம் என்று போய்த் திரும்புவதற்குள் படகு நகர்ந்துவிடும். நம்ம சென்னைக்காரர், டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமலுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக். 42 வயதில் பாட்மின்டன் வீராங்கனை சிந்துவோடு சேர்ந்து கொடி பிடித்து நின்றவரை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்க வேண்டாமா? தென் கொரியாவை வட கொரியா என்று அறிவித்தது அதைவிடப் பெரிய தவறு. அந்த வீரர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

ஆனால் விழாவே வீண் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கொட்டும் மழையில், பியானோ முழுக்கத் தண்ணீர் முத்துமுத்தாக நிற்க, ஒருவர் விடாமல் வாசித்தாரே! அப்புறம் சார்ல்ஸ் கோஸ்த். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்றவர், அப்போது 100 வயது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சுடரை அடுத்த இருவரிடம் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைக் காட்டிய அதே நிதானத்தோடு படகில் வந்தவர்களையும் காட்டியிருந்தால் யாரும் டிவியை அணைத்திருக்க மாட்டார்கள்.